கம்பி வேலிக்குள் சன்னக் கரும்பு

பாலத்துத் தோட்டம், லாபு
21 ஜனவரி 1951

தம்பி சன்னாசிக்கு,

நீ அனுப்பிய பொங்கல் சீர் வந்தது. அரிசியையும் சேலையையும் வைத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவன் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை. கரும்பை மட்டும் அதே லாரியில், அதே டிரைவர் முருகையாவிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். ஒரு கணுவை உரித்துக் கடித்தேன். தண்ணீர். பார்த்தால் பந்தக்கால் மாதிரி நிற்கிறது, வாயில் வைத்தால் பைப்புத் தண்ணீர். இதையா ரெம்பாவ் முழுக்க சன்னாசி மண்டோர் கரும்பு என்று பேசுகிறார்கள்? ரப்பர் கன்றுக்குப் போடுகிற வெள்ளை உரத்தை மாதாமாதம் கரும்புக்குக் கொட்டினால் வளராமல் என்ன செய்யும்? வளரும். இனிக்காது.

என் கரும்பு சன்னம்தான். என் பேரன் காதுகுத்துக்கு வந்த உன் பெண்டாட்டி வள்ளிநாயகி, "இது கரும்பா, நாணலா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். எந்தப் பாயில் உட்கார்ந்து சிரித்தாள், யார் யார் கூடச் சேர்ந்து சிரித்தார்கள் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. அந்த நாணலில் காய்ச்சுகிற வெல்லத்தைத்தான் லாபு கடையில் மீரா சாஹிப் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார். இனிமேல் மரம் சீவ முடியாது என்று என் பேரைத் தோட்டத்து ஆள்கணக்கு, அந்தச் செக்ரோலிலிருந்து எடுத்த பிறகு அந்த வெல்லம்தான் எனக்குச் சோறு போடுகிறது. மகன் மணியம் வீட்டில் இருந்தாலும் என் அடுப்பு தனி. அவனுக்கே நாலு பிள்ளைகள். அவன் கையை நான் பார்க்கவில்லை.

இப்போது அதற்கும் கேடு வந்துவிட்டது. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாதாம். நாங்கள் குடியிருக்கிற லயங்களைப் பிரித்து ஆபீசு பக்கத்தில் முள்கம்பிக்குள் கட்டுகிறார்கள். கம்பிக்கு வெளியே நிற்கிற மரவள்ளி, கரும்பு எல்லாவற்றையும் மாசி முடிவதற்குள் வெட்ட வேண்டும் என்று துரை உத்தரவு. வெட்ட வருகிறவன் வரட்டும்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதினேன்.

அக்கா
ராக்கம்மா


கல்மலைத் தோட்டம், ரெம்பாவ்
3 பிப்ரவரி 1951

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சன்னாசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. கடிதத்தின் சூட்டிலேயே தெரிகிறது.

முருகையா கரும்பை எங்கே இறக்கினான் தெரியுமா? காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், ஆள்களுக்கு நான் ரப்பர் நிரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது. "மண்டோரே, ஒங்க அக்கா வேணான்னுடுச்சு!" என்று லாரியிலிருந்தே கத்தினான். என்னிடம் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு அன்றைக்கு நான் யாரையும் அதட்ட முடியவில்லை.

வள்ளிநாயகி கரும்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கொழுந்தக் காணமே. அத வெட்டி நட்டுக்கிட்டு, கட்டைய நமக்கு அனுப்பியிருக்கு ஒங்க அக்கா." உண்மையா? தண்ணீர் என்கிறாயே, பிறகு கொழுந்து எதற்கு?

என் கரும்பைப் பார்க்க எங்கள் சின்னதுரையே வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஒரு கழியைக் கை ஆலையில் கொடுத்தால் செம்பு நிறையும். உன்னுடையதில் ஒரு கட்டு வேண்டும். எடை என்று ஒன்று இருக்கிறது, அக்கா.

அது கிடக்கட்டும். உத்தரவோடு விளையாடாதே. கரும்புக் கொல்லை அசைந்தாலே சுடுகிறார்கள். காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்தவள் என்று ஒருத்தன் கைகாட்டினால் போதும், விசாரணை இல்லாமல் முகாமில் அடைத்துவிடுவார்கள். உன் தம்பி என்று எனக்கும் மண்டோர் வேலை போகும். பேசாமல் வெட்டவிடு. வெல்லம் காய்ச்சி இந்த வயதில் என்ன ஆகப் போகிறது? இங்கே வந்துவிடு. வள்ளிநாயகியும் சரி என்றுவிட்டாள். ஒரு வார்த்தை எழுது, லாரியோடு வருகிறேன்.

சன்னாசி


பாலத்துத் தோட்டம், லாபு
18 மார்ச் 1951

தம்பிக்கு,

ஆமாம், கொழுந்தை நட்டேன். உன் கரும்பு உன்னுடைய உரத்தால் தண்ணீரா, பிறவியிலேயே தண்ணீரா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை என் சாணத்தில் வளர்த்துப் பார்த்தால் தெரிந்துபோகும். வள்ளிநாயகிக்குக் கண் நல்ல கூர்மை. சொன்னேன் என்று சொல்.

என் கொல்லைக்குக் கத்தி வந்த கதையைக் கேள். எங்கள் மண்டோர் பஞ்சாலை நாலு ஆளோடு வந்தான். பின்னால் சின்னதுரை, துப்பாக்கியோடு போலீஸ். நான் கரும்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆயா, எந்திரி. சின்னதொர பாக்குறாரு."

"கண்ணு இருக்கு, பாக்குறாரு. பாக்கட்டும்."

"நான் வெட்டலன்னா என் சீட்டக் கிழிச்சிருவாங்க ஆயா. புள்ளகுட்டிக்காரன்."

"எங் கரும்புல ஒங் கத்தி படக் கூடாது. அந்தக் கத்திய இப்படிக் குடு. நானே வெட்டுறேன். வெட்டுனதெல்லாம் எனக்கு. அத அவருகிட்ட சொல்லு."

அவன் சொன்னான். சின்னதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கிழவி ரெண்டு கழி வெட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து வெட்டினார்கள். முற்றியதை ஆலைக்கு ஒதுக்கினோம். நல்ல கணுவாகப் பார்த்து நடுவதற்குக் கரணை போட்டு, காலி வாளிகளில் அடுக்கிக் கம்பிக்குள் கொண்டுவந்தோம். நெருப்பு வைக்க அவர்களுக்குக் கிடைத்தது வெறும் சோகை இலைதான்.

புது வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரம் ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார்கள். பழைய கொல்லையின் மூலைக்குக்கூடக் காணாது. கம்பிக்கு வெளியே உள்ளதைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறது, உள்ளே நடுவதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை என்று ஆபீசு கிராணி சொன்னார். நட்டுவிட்டேன். என் கரும்பு, ஓரத்தில் பழைய கொல்லையிலிருந்து வேர்மண்ணோடு பெயர்த்து வந்த உன் கரும்பு. இந்தத் துண்டிலிருந்து பழைய அளவுக்கு வெல்லம் எடுக்காவிட்டால் என் அடுப்பு அணைந்துவிடும் என்பது எனக்கும் தெரியும்.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். என் வீட்டுக்காரர் சயாமில் ரயில் போடப் போய்ச் செத்தார் என்று செய்தி வந்து, துக்கத்தோடு உன் வீட்டில் வந்து தங்கியிருந்தேன். என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே வள்ளிநாயகி சொன்னாள்: "இந்த மாசம் அரிசி எங்க போவுதுன்னே தெரியல." நீ பக்கத்தில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை. நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். இறக்கும் வரை இன்னொரு முறை அப்படிச் சாப்பிட மாட்டேன்.

ராக்கம்மா


கல்மலைத் தோட்டம், ரெம்பாவ்
2 ஏப்ரல் 1951

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எப்போதும் போலச் சத்தமாகப் படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்த பிறகுதான் அப்படிப் படித்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. வள்ளிநாயகி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "நான் அரிசியத்தான் சொன்னேன், அவங்கள சொல்லல" என்றாள். பிறகு அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை. ஜப்பான்காரன் காலம் அக்கா அது. கூப்பன் அரிசி. எந்த வீட்டில் எந்தப் பெண் அரிசியைப் பற்றிப் பேசவில்லை? நான் தலையைத் தூக்கியிருக்கலாம்.

வீட்டோடு சேர்த்து உனக்கு ஒரு அறை இறக்கிக்கொண்டிருக்கிறோம். பலகை நான் வாங்கினேன். தரைக்கு மண் குழைத்துப் போடுவது வள்ளிநாயகி.

உன் துண்டு நிலத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அது புல்டோசர் தள்ளிய மண். மேல்மண் எல்லாம் பள்ளத்தில் போயிருக்கும். உனக்குக் கிடைத்திருப்பது அடியிலிருந்த மஞ்சள் மண். சாணம் மட்டும் போட்டால் பிள்ளை சவலையாகத்தான் நிற்கும். கிழிந்த சாக்குகளில் மிஞ்சிய வெள்ளை உரத்தைத் துரையிடம் கேட்டு வாங்கி முருகையாவிடம் கொடுத்திருக்கிறேன். தூருக்கு ஒரு கைப்பிடி. தண்டில் படாமல் தள்ளிப் போட்டு மண் அணை. இதையும் திருப்பி அனுப்பினால் முருகையா வாங்க மாட்டான். சொல்லிவைத்திருக்கிறேன்.

சன்னாசி


பாலத்துத் தோட்டம், லாபு
27 மே 1951

தம்பிக்கு,

சாக்கு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அங்கேயே கிடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

கரும்பு மஞ்சளாக நிற்கிறது. குருத்து வருகிறது, தூர் கட்டவில்லை. பழைய கொல்லையில் இந்நேரம் கால் வைக்க இடமிருக்காது. சாணத்தை இரண்டு பங்காகப் போட்டேன். மருமகள் பார்த்துவிட்டு, "அத்த, இது பொழைக்குமா?" என்று கேட்டாள். அவளை வைதேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

நேற்று மழைக்குப் பிறகு உன் உரத்தில் கொஞ்சம் எடுத்து ஒரே ஒரு வரிசைக்கு வைத்தேன். உனக்காக இல்லை. உன் உரத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று உனக்கு எழுதுவதற்காக.

அறை கட்ட வேண்டாம். பலகையை வீணாக்காதே.

ராக்கம்மா


கல்மலைத் தோட்டம், ரெம்பாவ்
9 செப்டம்பர் 1951

அக்காவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவதற்கு இவ்வளவு நாளா? முருகையா போன வாரம் உங்கள் தோட்டத்துக்கு வந்தானே, அவனிடம் கேட்டேன். "அக்கா கரும்பு கருகருன்னு நிக்கிது மண்டோரே, கிட்ட போனா ஏசுறாங்க" என்றான். ஆக, எல்லா வரிசைக்கும் வைத்துவிட்டாய். எழுத மட்டும் கை வரவில்லை. சரி, நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொள்கிறேன்.

இப்போது நிறுத்திவிடாதே. தீபாவளி வரைக்கும் மாதம் ஒரு முறை போடு. நான் அப்படித்தான் போடுகிறேன். இங்கேயும் சுற்றிக் கம்பி போட்டுவிட்டார்கள், எங்கள் வீடும் கொல்லையும் இருந்த இடத்திலேயே உள்ளே அகப்பட்டுக்கொண்டன. என் கரும்பு இப்போதே கூரையைத் தொடுகிறது. பார்க்கிறவன் எல்லாம் இது என்ன, மூங்கிலா என்று கேட்கிறான்.

உணவுச் சட்டம் வந்ததிலிருந்து வாசலில் சோதனை பலமாக இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். ஒரு பிடி சீனி வெளியே போக முடியாது. நீ வெல்லம் காய்ச்சினாலும் எங்கே விற்பாய் என்றுதான் எனக்குக் கவலை.

அறை முடிந்துவிட்டது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்கச் சொன்னது வள்ளிநாயகி. "அவங்களுக்குக் கோவம் வந்தா சாத்திக்கட்டும்" என்றாள்.

சன்னாசி


பாலத்துத் தோட்டம், லாபு
25 நவம்பர் 1951

தம்பிக்கு,

எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரிந்ததுதான். அதை விடு. விற்பதைப் பற்றியும் கவலைப்படாதே. மீரா சாஹிப்பின் கடையையும் கம்பிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பங்கீட்டுச் சீனி சனங்களுக்குக் காணவில்லை. காய்ச்சியதை மூடி மறைக்காமல் அவர் கடையில் கொடுத்தால் போதும் என்று கிராணி சொல்லிவிட்டார்.

புது உத்தரவு ஒன்று வந்தது. கம்பிக்கு உள்ளேயும் நெஞ்சு உயரத்துக்கு மேல் பயிர் நிற்கக் கூடாதாம். காவல் பரணிலிருந்து பார்த்தால் வேலி ஓரம் தெரிய வேண்டுமாம், கரும்பு மறைக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெட்டச் சொன்னார்கள். தை பிறக்காமல் இது முற்றாது. இப்போது வெட்டினால் பச்சைத் தண்ணீர். உன் அறைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

உன் தடிக் கரும்பை நானே வெட்டினேன். உன் உரம் காட்டாமல் பழைய கொல்லை மண்ணிலும் சாணத்திலும் வளர்ந்ததே பாதி மழையில் சாய்ந்து கிடந்தது. மீதியில் இலை பாய் விரித்த மாதிரி. வெட்டியதைக் கடித்தும் பார்த்தேன். உரம் படாமலேயே தண்ணீர்தான். அது பிறவிக் குணம், தம்பி.

சன்னக் கரும்பை வெட்டவில்லை. மணியத்தையும் மருமகளையும் இறக்கிச் சோகை உரித்தேன். நுனியில் கொழுந்தை விட்டுவிட்டு அடி வரைக்கும் உரித்தோம். அந்தச் சோகையையே திரித்து நாலைந்து கழிகளாகச் சேர்த்துக் கட்டினோம். கைகளெல்லாம் கீறல். முடித்துவிட்டுப் பார்த்தால் ரப்பர் நிரை மாதிரி இருந்தது, இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கம்பி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னதுரை வந்தார், மலாய்க் கார்ப்பரல் வந்தார், கத்தியோடு பஞ்சாலை வந்தான். நான் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கரும்புக்குப் பின்னால், வேலியை ஒட்டி உட்கார்ந்தேன்.

"என்ன ஆயா, மறுபடியுமா?" என்றான் பஞ்சாலை.

"கார்ப்பரல மேல ஏறச் சொல்லு. நான் தெரியலன்னு அவரு சொல்லட்டும், நானே வெட்டுறேன். தெரியுதுன்னா நீ கத்திய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

அவர் பரணில் ஏறினார். நான் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டேன்.

சின்னதுரை கீழேயிருந்து மலாயில் கேட்டார்: "நம்பாக் தாக்?"

"நம்பாக், துவான்! நேனே மாக்கான் சீரே!"

தெரிகிறதாம். கிழவி வெற்றிலை போடுவதுகூடத் தெரிகிறதாம். லயமே சிரித்தது. சின்னதுரை சிரிக்கவில்லை, ஆனால் போகும்போது பஞ்சாலையிடம் ஏதோ சொன்னார். "வாராவாரம் வந்து பாப்பாங்களாம் ஆயா. எல மறைச்சா வெட்டிருவாங்களாம்" என்றான் அவன்.

"மறைக்காது" என்றேன்.

ராக்கம்மா


கல்மலைத் தோட்டம், ரெம்பாவ்
16 டிசம்பர் 1951

அக்காவுக்கு,

அதே உத்தரவு இங்கேயும் வந்தது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சோகை உரித்துப் பார்த்தேன். அடியில் உரித்தால் மேலே சாய்கிறது. மேலே கட்டினால் அடியில் முறிகிறது. அந்தக் கனத்துக்கு அது நிற்காது. எங்கள் சின்னதுரை, போன வருஷம் அண்ணாந்து பார்த்தாரே, அவரே நின்று வெட்டச் சொன்னார். வெட்டினவர்கள் எல்லாம் நான் பெரட்டில் பேர் கூப்பிடுகிற ஆள்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வெட்டியதை விட மனமில்லாமல் காய்ச்சினோம். சாறு என்னவோ கொப்பரை கொப்பரையாக வந்தது. விறகு தீர்ந்தது, பதம் வரவில்லை. வள்ளிநாயகி துழாவித் துழாவிக் கை வீங்கிப்போனாள். கடைசி வரை பாகாகவே நின்றது. பிள்ளைகள் ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். உப்புக் கரிக்கிறது என்கிறான் சின்னவன்.

நீ ஜெயித்தாய் என்று எழுத வைக்கத்தானே இவ்வளவும்? எழுதவில்லை. வெள்ளை உரம் இல்லாமல் உன் மஞ்சள் மண்ணில் ஒரு கழியும் எழுந்திருக்காது. ஆனால் எப்போது நிறுத்தினாய், பிறகு என்ன போட்டாய், அதை மட்டும் சொல். உன் கரணையில் ஒரு வாளியும் வேண்டும். கேட்டுவிட்டேன்.

அறை காலியாகவே கிடக்கிறது.

சன்னாசி


பாலத்துத் தோட்டம், லாபு
20 ஜனவரி 1952

தம்பி சன்னாசிக்கு,

வெல்லம் கட்டிவிட்டது.

பொங்கலுக்கு முந்தின நாள் காய்ச்சினேன். பரணுக்கு நேர் எதிரே, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கக் கொப்பரையை ஏற்றினேன். மணியம் கை ஆலையைச் சுற்றினான். வெண்டைத் தண்டைக் கசக்கிப் போட்டு அழுக்கை எடுத்தேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், விரலில் உருண்டது. விளிம்பு உடைந்த ரப்பர் பால் கோப்பைகளில் ஊற்றிக் கவிழ்த்தால் டொக் டொக்கென்று விழுந்தது. பழைய கொல்லையில் வந்த அளவு இல்லை, பங்கீட்டுக் காலத்து விலைக்கு என் அடுப்பு எரிய அது போதும். ஆனால் அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்தவன் எவனும் இவ்வளவு வரும் என்று நினைத்திருக்க மாட்டான். மீரா சாஹிப் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதியை லயத்துப் பெண்கள் வழியிலேயே வாங்கிக்கொண்டார்கள். அதுவரை பொங்கலுக்கு எந்த வீட்டிலும் வெல்லம் இல்லை. பரணில் இருந்த கார்ப்பரல் இறங்கி வந்து கையை நீட்டினார். ஒன்று கொடுத்தேன். அவருக்கு மட்டும்தான் இலவசம்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். தூர் கட்டுகிற வரைக்கும் உன் வெள்ளை உரம். ஆனி மாதத்தோடு நிறுத்தினேன். நீ தீபாவளி வரை போடச் சொல்லி எழுதியதும், மறுபடி கை போகக் கூடாது என்று சாக்கின் வாயையே தைத்தேன், உன் கரும்பின் தண்ணீர் அப்போதும் என் நாக்கில் இருந்தது. ஆனிக்குப் பிறகு ரப்பர் சீட்டுகளைக் காய வைக்கும் புகைவீட்டுச் சாம்பல். வாளி வாளியாக அள்ளிக் கொட்டினேன், அதைக் கேட்க ஆள் இல்லை. உன் உரம் கரும்பை எழுப்பியது, என் சாம்பல் இனிக்க வைத்தது என்று நினைக்கிறேன். கரும்பு என்னவோ என்னுடையது. வந்த நல்ல பேரில் பாதி உனக்கு, எடுத்துக்கொள். அதற்கு மேல் கேட்காதே.

கரணை முருகையாவிடம் வருகிறது. வாசலில் கிராணியிடம் சீட்டு வாங்கித்தான் ஏற்றினேன். உங்கள் மண் நல்ல மண், அதற்கு வெள்ளை உரம் பாதி போதும். ஆனிக்குப் பிறகு ஒரு பிடி வைத்தாய் என்று காதில் விழுந்தால் லாரி ஏறி வந்து வேரோடு பிடுங்குவேன். என்னைத் தெரியும் உனக்கு.

அந்த அறையில் வள்ளிநாயகி விறகு அடுக்கட்டும், ஆடு கட்டட்டும். அவள் மண் குழைத்ததும் உள்தாழ்ப்பாள் வைத்ததும் எனக்கு நினைவிருக்கும். அரிசிப் பேச்சும் நினைவிருக்கும். ஒன்றுக்காக இன்னொன்றை என்னால் அழிக்க முடியாது, நான் அப்படிப் பிறக்கவில்லை. பங்குனியில் உங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வருகிறேன். அக்காவாக வருவேன், கர்பியூவுக்கு முன்னால் என் வீட்டுக்குத் திரும்புவேன்.

பஞ்சாலை இப்போதுதான் வந்துவிட்டுப் போனான். வேலியை இன்னும் உள்ளே தள்ளிப் போடப் போகிறார்களாம், என் துண்டில் பாதி போகுமாம். எப்போது என்று கேட்டேன், அவனுக்கே தெரியவில்லை. வெட்டிய கட்டைகளில் குருத்து விட்டிருக்கிறது. வெளியே மேகம் இறங்கி நிற்கிறது. மழை வருவதற்குள் மண் அணைக்க வேண்டும், போகிறேன்.

ராக்கம்மா